ஒரே டேங்கில்

பெட்ரோல் பங்கில் மச்சினனின் புதுக் கார் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தது. புறப்பட்டதிலிருந்து இது இரண்டாம் முறை.

அச்சகக்காரர் அதைப் பார்த்துவிட்டார். விடுவாரா? தன் பழைய காரின் கதவைச் சாத்திவிட்டு, வாயெல்லாம் பல்லாக நேரே அவனிடம் போனார்.

"என்ன மாப்பிள்ளை, மறுபடியுமா?"

மனைவியின் தம்பி அசடு வழிந்தான். "ரோடு நல்லா இருந்துச்சு மாமா. கொஞ்சம் மிதிச்சுட்டேன். நீங்க?"

"போடவே இல்ல. இப்பவும் முள்ளு பாதிக்கு மேல நிக்குது."

அவருடைய மகள் புதிதாகத் திறக்கும் பல் மருத்துவமனைக்குத்தான் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சினன் விடிந்ததும் விடியாததுமாகப் பறந்துவிட்டான்; பெட்ரோலுக்கு ஒரு தடவை, டிபனுக்கு ஒரு தடவை என்று நின்று நின்று போவதைப் போனில் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தான். இவரும் மனைவியும் ஆற அமரக் கிளம்பினார்கள்.

"இந்த டப்பாவா?" என்றான். அது ஊர்ப்பட்ட பெட்ரோல் குடிக்கும் என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். விற்றுத் தலைமுழுகச் சொல்லி, வாங்குவதற்கு ஆளையே பிடித்துக்கொண்டு வந்தவன் அவன்.

அச்சகக்காரருக்குக் குஷி பிறந்துவிட்டது.

கூரைமேல் சும்மா கிடந்து காற்றோடு மல்லுக்கட்டிய கம்பிச் சட்டத்தைக் கழற்றியதைச் சொன்னார். டிக்கியில் வருஷக்கணக்கில் ஊர் சுற்றிய பழைய காகிதக் கட்டுகளை இறக்கியதைச் சொன்னார். டயர் சூடாகும் முன்பே காற்றை அளந்து பிடித்ததைச் சொன்னார்.

"எல்லாத்தையும் விட கால்தான் மாப்பிள்ளை. பெடலுக்கு அடியில முட்டை இருக்குன்னு நினைச்சுக்கணும். எண்பதுன்னா எண்பது. எவன் ஹாரன் அடிச்சாலும் வழி விட்டுட்டு நம்ம பாட்டுக்குப் போகணும். தூரத்துல லாரி வேகம் குறையுதா, அப்பவே காலை எடுத்துடணும். பிரேக்கே தேவைப்படாது."

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

வீட்டில் தீப்பிடித்த மாதிரி வண்டி ஓட்டுகிற மனுஷர். முன்னால் ஒரு சைக்கிள் போனால்கூடப் பொறுக்காது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லாச் சாமியையும் கூப்பிடுவார்கள்.

"அளந்து விடாதீங்க மாமா. சாவியைக் குடுங்க, முள்ளை நானே பாக்கறேன்."

"சாவி எங்கிட்ட இல்லையே," என்றார் அவர். சிரிப்பு இப்போது காதுவரை போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா கழிப்பறைப் பக்கமிருந்து வந்தாள். முகம் கழுவிய ஈரம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நேரே போய் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கண்ணாடியை ஒரு துளி திருப்பினாள். சாவியைப் போட்டாள்.

முள் மெல்ல எழுந்து, பாதியைத் தாண்டி நின்றது.

மச்சினனுக்கு வாய் மூடவில்லை.

கண் நரம்பு பழுதாகிப் பார்வை குறுகிப்போய், இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் கையை விரித்த அன்று, அச்சகக்காரர் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். இனி மகளைப் பார்க்கவும் அடுத்தவர் தயவுதான் என்று புலம்பினார். மனைவி விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை, தம்பிக்குக்கூட. மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள்.

நெடுஞ்சாலையில் இதுதான் அவளுக்கு முதல் ஓட்டம்.

அச்சகக்காரர் காரின் முகப்பைத் தடவியபடியே சுற்றிவந்து, மறுபக்கக் கதவின் பிடியைத் தேடிப் பிடித்தார். உட்கார்ந்து, ராஜா மாதிரி பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"நாங்க முன்னாடி போறோம்டா தம்பி. நீ பெட்ரோல் போட்டுட்டு மெதுவா வா."