தகரப் பலகை

நாகலாபுரம் பக்கத்து ஓடையில் பாலம் தனியாக நிற்கிறது. தளம் போட்டாயிற்று, இரண்டு பக்கமும் ரோட்டோடு சேர்க்க மண் கொட்டவில்லை, ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. ஜல்லியும் கம்பியும் விலை ஏறும் என்று தெரிந்தே, போட்டிக்கு அடிமாட்டு விலையில் டெண்டர் எடுத்தவன் செண்பகராஜ். கட்டுப்படியாகாமல் பாதியில் விட்டவனும் அவன்தான். தன் பெயர் எழுதிய பலகையையாவது யாருக்கும் தெரியாமல் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று, கையில் கட்டிங் பிளேயரோடு ஓடைக்குள் இறங்குகிறான். மழையில் ஊறிய கரிசல் செருப்பில் அப்பி, அடிக்கு அடி காலைப் பிடித்து இழுக்கிறது. மேற்கு வெயில் பாலத்துக்கு அடியில் சரிந்து விழுகிறது. அங்கே ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. பாலத்தை ஒட்டி நட்ட கம்பத்தில் பலகையைக் காணோம். ஆடு மேய்க்கும் பாண்டிச்செல்வி அதை மடியில் வைத்து ஈரமுந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். “காத்துல பிச்சிக்கிட்டு சகதியில கெடந்துச்சு அண்ணாச்சி,” என்கிறாள், ஆள் யாரென்று தெரியாமல். “வெயிலுக்கும் மழைக்கும் ஆடு ஒதுங்க எடம் கட்டித் தந்தவிய பேருல்லா, மண்ணுல கெடக்கலாமா?” கழுவிய எழுத்துகள் பளிச்சென்று மின்னுகின்றன. அவன் கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்கிறது. “நல்லவேள, பிளேயர் வச்சிருக்கீய. எனக்கு எட்டல, கொஞ்சம் கட்டி விடுதீயளா?” கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து நீட்டுகிறாள். செண்பகராஜ் தன் பெயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கம்பியை முறுக்குகிறான். “நல்லா இறுக்குங்க அண்ணாச்சி,” என்கிறாள் அவள், “ரோட்டுல போறவியளுக்கும் தெரியட்டும்.”