வெண்டை வயலில் உட்கார்ந்தவர்கள்

அல்போன்ஸ் விழுந்தபோது சத்தமே வரவில்லை.

வெண்டைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். அறுபத்தாறு வயது. வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்திருந்தது. அது நல்லதுக்கில்லை என்று ஓசெல் நார்சிஸுக்குத் தெரியும். லூசியானாவின் இந்தச் சிறைப் பண்ணையில் அவர் பார்க்கும் இருபத்தேழாவது ஆகஸ்ட் இது.

காலை பதினொரு மணிக்கே நூற்றெட்டு டிகிரி.

குதிரை மேலிருந்த காவலர் துப்பாக்கியை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார். "நடிக்கிறான். நீங்க வேலையைப் பாருங்கடா."

வரிசை மறுபடி குனிந்தது. அறுபது பேர். நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் கறுப்பர்கள்.

ஓசெல் குனியவில்லை.

வாளியைக் கீழே வைத்தார். அல்போன்ஸைப் புரட்டி, அவர் முகத்தில் தன் நிழல் விழும்படி நகர்ந்து, மண்ணில் உட்கார்ந்தார்.

மண் சுட்டது.

ஓசெலுடைய பாட்டனின் பாட்டன் இதே மண்ணில் கரும்பு வெட்டியவர். அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டவர். அன்று இந்தப் பண்ணைக்கு என்ன பெயரோ, இன்றும் அதே பெயர்தான். குதிரையும் துப்பாக்கியும் குனிந்த முதுகுகளும் அப்படியே இருந்தன. வெயில்தான் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. கடந்த மூன்று கோடைகளில் நான்கு பேரைக் கொண்டுபோய்விட்டது. பதிவேட்டில் நான்கு பேருக்கும் இதயக் கோளாறு.

"எந்திரி நார்சிஸ்!"

"தண்ணி வண்டி வரட்டும் சார். இவரைத் தூக்கிட்டுப் போகட்டும். எங்களுக்கு ஒரு நிழல் போட்டுக் குடுங்க. எந்திரிக்கிறேன்."

"கல்யாணத்துக்கா வந்திருக்கே, பந்தல் போட?"

பக்கத்து வரிசையில் வெர்னல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷமாக இருவருக்கும் ஒரே அறை. வெர்னல் உள்ளே இருந்தபோதுதான் புயல் வெள்ளம் ஊரில் அவர் அம்மாவின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. இப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல், தானும் உட்கார்ந்தார்.

"வெள்ளமானாலும் வெயிலானாலும் முதல்ல நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டுது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்காவது யாருடா அதுன்னு கேப்போம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசையின் கடைசி வரை போனது.

பிறகு வாளிகள் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. சற்று நேரத்தில் குதிரை மேலிருந்து பார்த்தால் வயலில் செடிகள் மட்டும்தான் தெரிந்தன. ஓர் ஆள்கூட நிற்கவில்லை.

காவலர் வானை நோக்கி ஒரு முறை சுட்டார். யாரும் எழவில்லை. ரேடியோவில் பேசினார். இருபது நிமிஷத்தில் தண்ணீர் வண்டி வந்தது. தலையிலும் கழுத்திலும் தண்ணீரைக் கொட்டியதும் அல்போன்ஸ் முனகினார். அந்த முனகலைக் கேட்டு வயல் முழுக்கக் கைதட்டியது.

அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு, காவலர் குறிப்பேட்டை எடுத்தார். வேலை செய்ய மறுத்தவர்களின் பெயர்கள் அதில் ஏறும்.

வெயிலைப் பற்றி ஒரு கைதிகூட முறையிட்டதாகப் பதிவில்லை என்றுதான், இந்த வயல் வேலையைப் பற்றிய வழக்கில், நீதிமன்றத்தில் நிர்வாகம் இத்தனை நாளும் சொல்லிவந்தது.

ஓசெலின் அருகே வந்ததும் காவலரின் குரல் தணிந்தது. "நீ மட்டும் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிடு. உன் பேரை எழுதலை. புரியுதா?"

"என் பேரை முதல்ல எழுதுங்க சார். காரணம் வெயில்னு போடுங்க."

காவலர் அவரையே பார்த்தார். பிறகு எழுதினார்.

குதிரை நகர்ந்ததும் வெர்னல் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டார். "பேரு ஏறிட்டா உன் விடுதலை ரத்துன்னு தெரியும்ல? வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போக உன் மக வாசல்ல வண்டியோட வந்து நிப்பாளேடா. அவகிட்ட என்ன சொல்லப்போறே?"

ஓசெல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்கப்பன் உட்கார்ந்துட்டான்னு சொல்லுவேன்," என்றார். "அவளுக்குப் புரியும்."