எட்டாவது முட்டை

"வந்துட்டாருடி முட்டைக்காரரு! எல்லாரும் வந்து பாருங்க!"

ஜக்கம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது.

உபதேசியார் வேதமாணிக்கம் தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் உள்ளங்கையில் ஒரு முட்டை.

"அம்மா, உங்க கோழி இன்னைக்கும் எங்க கொட்டகையில வந்து முட்டை போட்டுருச்சு. இது எட்டாவது."

"எண்ணிக்கை வேறயா! என் கோழி எங்கிட்டுப் போட்டா உமக்கென்னய்யா? வேற சோலியே இல்லையா உமக்கு?"

முட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பொருளைத் திருப்பிக் கொடுத்த மனுசனுக்கு இந்த ஏச்சா?" என்றது தெரு. "இவளுக்கு வாயி ஏழு முழம்."

அந்த வருஷம் ஏலக்காய் பறிக்க மலைக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலோடுதான் இறங்கினார்கள். அவர்களுக்காகப் போடிக்கு மேற்கே, ஜக்கம்மாள் வீட்டு வேலியை ஒட்டி, மிஷன் ஓர் ஓலைக்கொட்டகை போட்டிருந்தது. இப்போது அதில் இருந்தது சோணை ஒருவன்தான். கூட வந்தவர்கள் அவனை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உபதேசியார்தான் முதுகில் சுமந்து வந்தார். கஞ்சி காய்ச்சினார். அவன் துணியை அலசிப் போட்டார்.

ஊர் பயந்தது. கொட்டகைக்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது என்று சாவடியில் கட்டுப்பாடு போட்டார்கள். மீறினால் ஊர்விலக்கு. கட்டுப்பாடு சொன்னவர் நாட்டாமை ராக்கையா, ஜக்கம்மாளின் புருஷன்.

கொட்டகைக்கு வந்து பார்த்த கம்பவுண்டர் உரக்கவே சொன்னார். "கொயினா மருந்து காய்ச்சலை விரட்டிருச்சு. இனிமே உடம்புல சத்து ஏறணும். முட்டை கொடும். வெறுங்கஞ்சின்னா அடுத்த அமாவாசை தாங்க மாட்டான்."

உபதேசியார் முட்டை வாங்கச் சிலமலைக்கு நடந்தார். ராசிங்காபுரத்துக்கும் நடந்தார். இரண்டு ஊருக்கும் அவருக்கு முன்னால் கட்டுப்பாடு போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்கு மறுநாள்தான் அந்தக் கோழி முதல் தடவையாக வந்தது. சோணையின் கால்மாட்டில் கிடந்த வைக்கோலில் ஏறி உட்கார்ந்தது. முட்டை போட்டது. கொக்கரித்தது. போய்விட்டது.

பன்னிரண்டு நாளில் எட்டு முட்டை.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு," என்பான் சோணை.

"பிறர் பொருள், சோணை. எட்டாம் கட்டளை என்ன சொல்லுது? களவு செய்யாதே."

"நான் எங்க களவாண்டேன்? அதுவா வந்து கால்மாட்டுல போட்டுட்டுப் போகுது."

"அதைப் பார்க்காதே. ஆசைப்பட்டா அது பத்தாம் கட்டளை."

சோணை கண்ணை மூடிக்கொள்வான். எட்டாவது முட்டையன்று அவனுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை.

ஜக்கம்மாளிடம் கேட்டுப் பார்க்கலாம்தான். கொடுத்தால் அவளுக்கு ஊர்விலக்கு. அதனால் உபதேசியார் கேட்கவில்லை.

மறுநாள் ஜக்கம்மாளே சாவடிக்கு வந்து பிராது சொன்னாள்.

"காய்ச்சக் கொட்டகையில கிடந்த முட்டையை இந்த ஆளு எட்டுத் தடவை ஊருக்குள்ள கொண்டாந்திருக்காரு. இதை யாரும் கேக்க மாட்டீங்களா?"

"அம்மா, உங்க பொருளை உங்ககிட்டத்தானே..."

"நீரு பேசாதீரும்!"

ராக்கையா தொண்டையைச் செருமினார். "இரு, இரு. அந்த எட்டு முட்டையும் இப்ப எங்க?"

"அவிச்சேன்."

"யாரு தின்னது?"

"நீங்கதேன். ஒண்ணு விடாம."

கூட்டத்தின் பின்னால் யாரோ சிரித்தார்கள். ராக்கையாவின் கை வயிற்றுக்குப் போயிற்று.

"ஏடி, என் நெத்தியைத் தொட்டுப் பாரு. சுடுதா?"

"லேசாச் சுடுது," என்றாள் அவள், தொடாமலே.

ராக்கையா எழுந்தே நின்றுவிட்டார். "இனிமே அந்தக் கொட்டகையில விழுற எதுவும் ஊருக்குள்ள வரக் கூடாது. முட்டைன்னாலும் சரி, கோழின்னாலும் சரி! கொண்டாந்தா உபதேசியாருக்கு இந்த ஊருல நடை கிடையாது!"

"அப்போ அந்த முட்டையை நான் என்ன செய்யுறது?"

"என்னமும் செய்யும்! அவிச்சுத் தின்னும்! இங்கிட்டுக் கொண்டாராதீரும்!"

"ஆனாலும் பொருளுக்கு உடையவங்க ஒரு வார்த்தை..." என்று உபதேசியார் ஜக்கம்மாளைப் பார்த்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு வேணாம்! சாவடியறியச் சொல்றேன், வேணாம்! உம்ம எட்டாம் கட்டளைக்கு இது போதுமா?"

எட்டாம் கட்டளை இவளுக்கு எப்படித் தெரியும்? உபதேசியார் யோசித்துக்கொண்டே படியிறங்கினார்.

"முதல்ல போயி அந்தக் கோழியைக் கூடை போட்டுக் கவுத்து வையி," என்றார் ராக்கையா, இன்னும் வயிற்றைத் தடவியபடி.

"ஆகட்டும்," என்றாள் ஜக்கம்மாள்.

அடுத்த நாள் காலை கோழி வரும் நேரம் தாண்டிவிட்டது. சோணைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே உபதேசியார் வைக்கோலை ஒருமுறை பார்த்தார். பத்தாம் கட்டளை நினைவுக்கு வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது வேலிக்கு மேலே, தலைகீழாகச் சிறகடித்துக்கொண்டு, அந்தக் கோழி பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இதுவரை வராத கறுப்புக் கோழி.

வேலிக்கு மேலே வளையல் போட்ட இரண்டு கைகள் எறிந்த வாக்கிலேயே நீட்டியபடி நின்றன. கைகளுக்குக் கீழேயிருந்து, தெருக் கடைசிவரை கேட்கும்படி, ஜக்கம்மாளின் குரல் எழுந்தது.

"ஐயையோ! என் கோழி ரெண்டும் தப்பிச்சு ஓடுதே!"