ஏரிச் சேற்றில் ஒரு கோடு

வற்றிக்கொண்டிருந்த ஏரியின் சேற்றில் கொக்கு அலகால் ஒரு கோடு கிழித்தது.

"யோசித்து முடிவெடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் மிதியுங்கள். மனசு சொன்னபடி செய்கிறவர்கள் அந்தப் பக்கம்."

நாரை, தாரா, உள்ளான் எல்லாமே யோசிக்கிற பக்கம்தான் மிதித்தன.

மறுவாரம் காற்று திசை மாறியது. ஒரு பறவையும் யோசிக்கவில்லை. மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. கொக்கு மட்டும் தடங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது.

சேற்றில் பாதி புதைந்திருந்த நத்தை கேட்டது: "நீ போகலையா? உன் தடம் எந்தப் பக்கம்?"

"என்னை யாரும் கேட்கலையே."

"இப்போ நான் கேட்கிறேனே," என்ற நத்தை, கோடை முடியும்வரை தூங்குவதற்காக ஓட்டின் வாயை மூடிக்கொண்டது.

கொக்கு ஒற்றைக்காலில் நின்று பல நாள் யோசித்தது. ஒருவழியாக, மடக்கியிருந்த காலை ஊன்றியபோது சேறு காய்ந்து இறுகியிருந்தது. தடம் விழவில்லை.