கீறல் விழுந்த பாட்டு

மதிய வெயில் கடைக் கண்ணாடி வழியாக மேசைமேல் விழுகிறது. இசைத்தட்டுக் கடைக்காரி ஆணியை அழுத்திப் பிடித்து, அடுக்கிலுள்ள ஒவ்வொரு தட்டிலும் மூன்றாவது பாட்டின்மேல் கீறுகிறாள். கிரீச்சென்ற சத்தத்தில் பல் கூசுகிறது. அரசாங்கத்தை வெளுத்து வாங்கும் பங்க் ராக் பாட்டு அது. பாடியவன் அவள் தம்பி. நேற்றிலிருந்து காவல் நிலையத்தில் இருக்கிறான். எதிரே நிற்கும் தணிக்கை அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். "மத்த பாட்டையெல்லாம் தாராளமா வித்துக்கம்மா. இது மட்டும் ஒரு தட்டுலயும் கேக்கக் கூடாது. அப்பதான் உன் தம்பிக்காக நான் பேச முடியும்." "சரிங்க சார்." ஆணி வழுக்குகிறது. "எங்க, ஒண்ணப் போட்டுக் காட்டு." தட்டு சுழல்கிறது. கிடார் உறுமுகிறது, முள் கீறலில் இடறித் தாவி, ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொள்கிறது. தொண்டை கிழியத் தம்பி கத்துகிறான்: "பதில் சொல்லு! பதில் சொல்லு! பதில் சொல்லு!" தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். அதிகாரியின் முகம் வெளிறுகிறது. "நிறுத்தும்மா! நிறுத்துங்கிறேன்ல!" முள்ளை நோக்கிப் போன அவள் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. "ஒரு நிமிஷம் சார்," என்கிறாள், "நேத்துலேருந்து அவன் குரலையே கேக்கல."