மாதா வராத வீடு

"உன் கையில மாதாவ குடுக்க மாட்டேன். போமே!"

சிலுவையம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஜெபமாலை சொல்ல வந்த பத்துப் பதினைந்து பேர் மெழுகுவத்தியும் கையுமாக முழித்தார்கள். ஜூடிக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது.

அக்டோபர் வந்தால் காசிமேட்டில் அந்தத் தெருவே மாதாவுக்குத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சொரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அடுத்து முறை வரும் வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். முந்தாநாளே ஜூடியின் முறை. மூன்று நாளாகியும் சிலுவையம்மாள் பெட்டியை விடுவதாக இல்லை.

"இன்னாத்தே, அநியாயமா கீது! நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"ஒம் புருசன வரச் சொல்லு. அவன் வந்தா குடுக்கிறேன்."

விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஃபைபர் போட் கவிழ்ந்தது. போன இரண்டு பேரில் ஜூடியின் புருஷன் பிராங்கிளின் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தான். சிலுவையம்மாளின் ஒரே மகன் வால்டர் வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து பிராங்கிளின் வாசற்படி தாண்டவில்லை. கடலும் கிடையாது, கோயிலும் கிடையாது. சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். ஜூடிதான் இறால் உரிக்கப் போய்க் கஞ்சி ஊற்றுகிறாள். மாதா ஒரு நாள் வந்து தங்கினால் அவன் எழுந்துவிடுவான் என்று மலைபோல நம்பியிருந்தாள், பாவம். அதையும் கெடுத்தால் எப்படி?

"எல்லாம் வஞ்சம்தான்," என்று பக்கத்து வீட்டு கீர்த்தி அவள் காதைக் கடித்தாள். "அவன வரவச்சி மண்ண வாரித் தூத்தப் போவுது அந்தம்மா."

ஜூடி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

"யோவ், எந்திரி! உன்னாலதான் மாதா நம்ம வூட்டுக்கு வர்ல. அந்தம்மா திட்டுனா திட்டட்டும், அடிச்சா வாங்கிக்கோ. எனக்கோசரம் வாய்யா."

"அந்த மூஞ்சிய எப்டி பாக்கறது ஜூடி?" சுவரிடம்தான் சொன்னான்.

"எனக்கு மட்டும் தெம்பு எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சிக்கினு கீற? அஞ்சு மாசமா இந்த ஜெபமாலையப் புட்ச்சிக்கினுதான் ஓட்றேன். இன்னிக்கும் மாதா வர்லன்னா நானும் படுத்துடுவேன்யா."

எப்படியோ எழுந்தான். தாடியும் அழுக்கு லுங்கியுமாக எட்டு வீடு தாண்டுவதற்குள் மூன்று தடவை நின்றுவிட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜூடி அவன் கையை விடவே இல்லை.

சிலுவையம்மாளைப் பார்த்ததும் அப்படியே மண்டி போட்டுவிட்டான்.

"அவன் கையப் புட்ச்சிக்கினுதாம்மா இருந்தேன். வுட்டுட்டேன். என்ன அட்ச்சிடும்மா!"

ஜூடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், சிலுவையம்மாள் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அவள் ஊர் பார்க்க அழுதது அன்றைக்குத்தான்.

"நீ வுடலடா. கடலு புடுங்கிக்கிச்சு."

பெட்டியை எடுத்து வந்து அவன் கையிலேயே வைத்தாள். ஜூடிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்பறம் எதுக்குத்தே என்ன மூணு நாளா அலைய வுட்டீங்க?"

சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கையில குடுத்தா, இவன் படுத்த எடத்துலயே கும்புட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்குவாம்மே. ஒரு புள்ளயத்தான் கடல்ல பறிகுடுத்துட்டேன், இந்தப் புள்ளயும் வூட்டுக்குள்ளயே செத்துப் போவ வேணாம், எழுப்பி அனுப்புன்னு மாதாகிட்ட மூணு நாளா சண்ட போட்டுக்கினு கீறேன்."