முதல் ஈட்டி

பன்றியின் மேல் முதலில் பாய்வது யார் ஈட்டியோ, தலை அவனுக்குத்தான். ஊர் வேட்டையில் அதுதான் முறை. போன வருஷம் கொண்டையன் ஈட்டிதான் முதலில் பாய்ந்தது. தலையோ நாட்டாமை மருமகன் வீட்டுக்குப் போனது. கேட்டதற்கு, "ஒனக்கெதுக்குடா தலை?" என்று சிரித்தார்கள்.

இந்த வருஷமும் பாறை இடுக்கில் அவனைத்தான் நிறுத்தினார்கள். நாய்கள் விரட்டிய பன்றி நேராக அவனிடம் வந்தது. கொண்டையன் ஈட்டியைத் தாழ்த்தி, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றான்.

மூச்சிரைக்க வந்த நாட்டாமை, "இந்தப் பக்கம் வரலையாடா?" என்றார்.

"வரலீங்களே."

வீட்டில் சிலம்பாயி காலையிலேயே மசாலா அரைத்து வைத்திருந்தாள். நிறைமாசக்காரி, எத்தனையோ நாளாகக் கறிக்கு ஆசைப்பட்டுக் கிடந்தாள். வெறுங்கையோடு வந்த புருஷனைப் பார்த்து, "ஒண்ணும் கெடைக்கலையா?" என்றாள்.

"எவனுக்கும் கெடைக்கல."

பச்சை மசாலாவை வெறும் சோற்றில் பிசைந்து, எலும்பு கடிப்பவன்போல் தாடையை அசைத்து அசைத்துத் தின்றான். "நல்லாத்தான் இருக்கு, நீயும் சாப்பிடு" என்று ஓர் உருண்டையை அவள் வாயருகே நீட்டினான். சிலம்பாயி வாயைத் திறக்கவில்லை.